கட்டபொம்மன் குட்டபொம்மன் ஆன கதை: மெயிலும் வேர்டும் தமிழுக்கு ஒத்துப்போகாத காலம்

1999-ஆம் வருஷத்தை இரண்டு காரணங்களுக்காக இந்தக் குறிப்பில் முதலில் வைக்கிறேன். ஒன்று, கயத்தாற்றில் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டு (1799 அக்டோபர் 16) இருநூறு ஆண்டுகள் நிறைந்த வருஷம் அது. அஞ்சல் துறை அவர் பெயரில் தபால்தலை வெளியிட்டது. இரண்டு, அதே வருஷம் பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ் இணையம் 99' மாநாடு நடந்தது. கணினியில் தமிழை எந்த எண்களால் குறிப்பது, விசைப்பலகை எப்படி இருக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு ஒரு முடிவுக்கு வந்தது அந்த மாநாட்டை ஒட்டித்தான்.

பாஞ்சாலங்குறிச்சிக்காரர்களுக்கு முதல் செய்தி தெரியும். இரண்டாவது செய்தி பெரும்பாலும் தெரியாது. ஆனால் இன்றைக்கு அந்த வட்டார வரலாற்றைத் தேடுகிறவனுக்கு இரண்டும் சேர்ந்தே தலைவலி கொடுக்கின்றன. இருநூறாம் ஆண்டை ஒட்டிய காலத்தில், கையால் எழுதிவைத்த கதைகளையும் பாட்டுகளையும் டி.டி.பி. சென்டரில் கொடுத்து அடித்துவைத்தவர்கள் உண்டு. அடித்ததைப் ஃப்ளாப்பியில் வாங்கிவந்தார்கள்; மெயில் வந்த பிறகு மெயிலிலும் அனுப்பினார்கள். அந்தக் கோப்புகளைத் திறந்தால் இன்று தமிழ் தெரிவதில்லை. அது ஏன், எப்படி வந்தது, என்ன செய்யலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக் கம்பெனிக் கடிதங்களை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவற்றில் கட்டபொம்மன் பெயரும் பாஞ்சாலங்குறிச்சி பெயரும் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்காது. எழுதிய துரையின் காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுத்துக்கூட்டியிருப்பார்கள். 1801 போரில் நேரில் இருந்த கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் 1830-இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளிலும் ஊர்ப்பெயர் நமக்குச் சட்டென்று பிடிபடாத எழுத்துக்கூட்டலில்தான் இருக்கிறது. ஆனாலும் வாய்விட்டுப் படித்தால் பிடித்துவிடலாம். இருநூறு வருஷக் காகிதத்தைப் படித்துவிடுகிறோம். இருபத்தைந்து வருஷ ஃப்ளாப்பியைப் படிக்க முடியவில்லை.

எண்ணும் எழுத்தும்

கணினிக்கு எழுத்து தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று ஓர் அட்டவணை வைத்துக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்துக்கு 1963-இலேயே ஆஸ்கி என்ற அட்டவணை வந்துவிட்டது. அதில் 128 இடங்கள். ஏழு பிட்டுக்குள் அடங்கிவிடும். பிறகு எட்டாவது பிட்டையும் சேர்த்து 256 இடங்கள் ஆக்கினார்கள். மேல்பாதியில் ஐரோப்பிய மொழிகளின் குறியிட்ட எழுத்துகள், பின்னக் குறிகள், நாணயக் குறிகள் எல்லாம் வந்து உட்கார்ந்தன.

தமிழுக்கு இந்த வீட்டில் அறை ஒதுக்கப்படவில்லை. 1980-களிலும் 90-களிலும் தமிழைக் கணினிக்குக் கொண்டுவந்தவர்கள் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். அட்டவணையைத் தொடாதே, எழுத்துருவை மட்டும் மாற்று. அதாவது கணினி உள்ளே ஆங்கில எழுத்து என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கும். திரையில் வரையும்போது மட்டும் தமிழ் உருவம் வரும். உள்ளே இருப்பது வேறு, வெளியே தெரிவது வேறு.

நம்ம ஊர் டி.டி.பி. சென்டர்களில் புழங்கிய பாமினி எழுத்துரு இந்த வகை. விசை அமைப்பு பழைய தமிழ்த் தட்டச்சை ஒட்டி இருக்கும். தட்டச்சுப் படித்தவர்கள் உடனே உட்கார்ந்து அடிக்கலாம். 'தமிழ்' என்று அடித்தால் உள்ளே பதிவாவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. மெய்யெழுத்தின் புள்ளிதான் அந்த அரைப்புள்ளி. 'கட்டபொம்மன்' என்றால் எஃப், எல், அரைப்புள்ளி, எல், என், ஜி, ஹெச், கே, அரைப்புள்ளி, கே, டி, அரைப்புள்ளி. இவ்வளவுதான். பாமினி இல்லாத கணினியில் இந்தக் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும்.

பாமினி ஒன்று மட்டும் இருந்திருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்திலிருந்து மயிலை எழுத்துரு கொடுத்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் செய்தார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கணியன் செய்தார். தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் வானவில் வெகுகாலம் புழங்கியது. தினமணி, விகடன், குமுதம் என்று ஒவ்வொரு பத்திரிகையின் இணையதளத்துக்கும் தனித்தனி எழுத்துரு இறக்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றிலும் 'க'வுக்கு ஒரு எண். ஒருவர் தமிழ் இன்னொருவருக்குக் குப்பை.

மெயிலுக்குள் போனால்

வேர்டில் ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு வரியும் எந்த எழுத்துருவில் இருக்கிறது என்பதைக் கோப்புக்குள்ளேயே எழுதிவைத்துக்கொள்ளும். அதனால் கோவில்பட்டியில் அடித்த கோப்பை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போனாலும், அங்கே அதே எழுத்துரு இருந்தால் அப்படியே தெரியும். சிக்கல் ஆரம்பித்தது மெயிலில்தான்.

மெயில் அடிப்படையில் வெறும் எழுத்து. 1982-இல் வகுத்த மெயில் அனுப்பும் நெறிமுறை ஏழு பிட் ஆஸ்கியை மட்டும் மனதில் வைத்து எழுதப்பட்டது. எழுத்துரு என்ற பேச்சே அதில் கிடையாது. 1992-இல் மைம் என்ற ஏற்பாடு வந்த பிறகுதான், 'இந்த மெயில் இன்ன அட்டவணைப்படி எழுதப்பட்டது' என்று உறைமேல் எழுதவும், கோப்புகளை இணைத்து அனுப்பவும் பொதுவான வழி கிடைத்தது. ஆனால் நம் எழுத்துருக்கள் எதற்கும் அந்த உறையில் எழுத ஒரு பெயர் இல்லை. மேற்கு ஐரோப்பிய எழுத்து என்ற பொய் முகவரியோடுதான் தமிழ் மெயில் பயணம் போனது.

வேர்டில் அழகாகத் தெரிந்த தமிழை நகலெடுத்து மெயிலில் ஒட்டினால் எழுத்துருவின் பெயர் கழன்று விழுந்துவிடும். உள்ளே இருந்த எண்கள் மட்டும் போகும். அந்தக் காலத்து பிரவுசிங் சென்டர்களில் இந்தப் பேச்சைக் கேட்டிருப்பீர்கள்:

"அண்ணாச்சி, நீங்க அனுப்புன மெயில்ல ஒரே இங்கிலீஷ் எழுத்தா இருக்கு."

"நான் தமிழ்லதாம்ப்பா அடிச்சேன். என் சிஸ்டத்துல நல்லாத்தான் தெரியுது."

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. அதனால்தான் சண்டை தீராது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. பாமினி மாதிரி கீழ்ப்பாதி எண்களை மட்டும் பயன்படுத்திய எழுத்துருக்கள் மெயிலில் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. ஆங்கில எழுத்துதானே, யாரும் தடுக்கவில்லை. போய்ச் சேர்ந்த இடத்தில் அந்த எழுத்துருவைப் போட்டால் தமிழ் வந்துவிடும். ஆனால் ஒரே வரியில் ஆங்கிலமும் தமிழும் கலக்க முடியாது. ஆங்கில எழுத்தின் இடத்தைத்தான் தமிழ் பிடித்துக்கொண்டதே.

மேல்பாதியைப் பயன்படுத்திய எழுத்துருக்களில் ஆங்கிலமும் தமிழும் அக்கம்பக்கத்தில் குடியிருக்கலாம். ஆனால் வழியில் ஏதாவது ஒரு பழைய சர்வர் எட்டாவது பிட்டைக் கத்தரித்துவிட்டால் அத்தனை தமிழும் சிதைந்துபோகும். ஒன்றில் கலப்பு இல்லை, மற்றொன்றில் பாதுகாப்பு இல்லை.

இந்தத் தொல்லை தமிழுக்கு மட்டும் வந்ததல்ல. ஜப்பானியர்கள் இந்தக் குப்பை எழுத்துக்கு 'மோஜிபாகே' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். ரஷ்யர்கள் தங்கள் அட்டவணை ஒன்றைப் புத்திசாலித்தனமாக அடுக்கினார்கள்: எட்டாவது பிட் போய்விட்டாலும் மீதி எழுத்துகள், ரஷ்யச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதியதுபோல ஓரளவு வாசிக்கக் கிடைக்கும். நமக்கு அந்த யோசனை வாய்க்கவில்லை. மியான்மரில் ஜாவ்ஜி என்ற எழுத்துரு நாடு முழுக்கப் பரவிவிட்டதால், 2019 அக்டோபர் 1 என்று நாள் குறித்து யூனிகோடுக்கு மாறவேண்டி இருந்தது.

வேர்ட் செய்த உபகாரம்

வேர்ட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது நமக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு செய்த வேலைகள் கொஞ்சநஞ்சம் இல்லை.

வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக மாற்றுவது அதன் பழக்கம். ஆங்கிலத்துக்கு அது சரி. பாமினியில் சிறிய எஃப் 'க'. பெரிய எஃப் 'கு'. ஆகவே வாக்கியத் தொடக்கத்தில் 'கட்டபொம்மன்' என்று அடித்து இடைவெளி விட்டால் அது 'குட்டபொம்மன்' ஆகிவிடும். சிறிய ஜி 'ப'. பெரிய ஜி 'பு'. 'பாஞ்சாலங்குறிச்சி' என்று தொடங்கினால் 'பு'வுக்குப் பக்கத்தில் ஒரு துணைக்கால் ஒட்டிக்கொண்டு நிற்கும். 'அம்மா' என்று தொடங்கினால் 'ஆம்மா'. 'தமிழ்' என்று தொடங்கினால் 'துமிழ்'.

ஊமைத்துரை மட்டும் தப்பித்தார். பாமினியில் 'ஊ' ஏற்கெனவே பெரிய சி. மாற்ற ஒன்றும் இல்லை. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்தே தப்பியவர், வேர்டிடமா மாட்டுவார்!

இன்னொரு பழக்கம்: ஒரு சொல்லில் முதல் இரண்டு எழுத்தும் பெரிதாக இருந்தால் கைதவறி அடித்தது என்று நினைத்து இரண்டாவதைச் சிறிதாக்கும். 'குருவி' என்ற சொல்லில் 'கு'வும் 'ரு'வும் பெரிய எழுத்துகள். வேர்ட் திருத்திய பிறகு அது 'குரவி'. இந்தத் தானியங்கித் திருத்தங்களை நிறுத்திவைப்பதுதான் டி.டி.பி. சென்டரில் வேலைக்குச் சேரும் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமாக இருந்தது. நிறுத்தத் தெரியாதவர்கள் வீட்டில் அடித்த கோப்புகளில் இந்தப் பிழைகள் அப்படியே உறைந்திருக்கின்றன.

வேறு சில எழுத்துருக்கள் 'குறியீட்டு வகை' என்று பதிவாகியிருந்தன. அவற்றில் அடித்ததை வேர்ட் பொது அட்டவணையில் வைக்காமல் ஒரு தனி அறையில் வைத்துவிடும். திரையில் தெரியும், அச்சில் வரும். மெயிலில் ஒட்டினால் கட்டங்களோ கேள்விக்குறிகளோ வரும்.

ஒட்டினால்தானே போகிறது, கோப்பாகவே இணைத்து அனுப்பிவிடலாம் என்று எல்லோரும் பழகினார்கள். அதற்கும் ஒரு சோதனை வந்தது, அதே 1999-இல். மார்ச் மாதம் மெலிஸா என்ற வைரஸ் வேர்ட் கோப்புக்குள் ஒளிந்துகொண்டு, அவுட்லுக்கில் இருந்த முகவரிகளுக்குத் தன்னைத்தானே அனுப்பிக்கொண்டு உலகம் முழுக்கப் பரவியது. தமிழுக்கு ஒத்துப்போகாத வேர்டும் மெயிலும் வைரஸுக்கு மட்டும் கச்சிதமாக ஒத்துப்போயின. அதற்கப்புறம் வேர்ட் கோப்பு இணைத்த மெயில் என்றாலே பல அலுவலகங்களில் சந்தேகம்.

அவுட்லுக்கிலிருந்து ஒரு குறிப்பிட்ட வகையில் அனுப்பிய மெயில், வேறு மெயில் நிரலில் 'வின்மெயில்.டாட்' என்ற திறக்க முடியாத ஒற்றைக் கோப்பாகப் போய் நிற்பதும் அந்தக் காலத்து வாடிக்கை. 2007 வேர்ட் வந்தபோது கோப்பின் அமைப்பே மாறி, பழைய வேர்ட் வைத்திருந்தவர்களுக்குப் புதுக் கோப்பு திறக்கவில்லை. இது எழுத்துருச் சிக்கலோடு வந்து சேர்ந்த இன்னொரு சிக்கல்.

தீர்வு தேடியவர்கள்

1997 மே மாதம் சிங்கப்பூரில் நடந்த தமிழ்நெட் 97 கூட்டத்தில்தான் இதற்கு ஒரு பொது அட்டவணை வேண்டும் என்ற பேச்சு கெட்டிப்பட்டது. அதன்பிறகு பல நாட்டுத் தமிழர்கள் மெயில் வழியே விவாதித்து உருவாக்கியது திஸ்கி. தமிழை மேல்பாதியிலும் ஆங்கிலத்தைக் கீழ்ப்பாதியிலும் வைத்தது. 1998 பொங்கல் அன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் திஸ்கியில் ஏற்றியது.

திஸ்கி செய்தவர்கள் வேர்டின் குணத்தையும் மனதில் வைத்திருந்தார்கள் என்பது அட்டவணையைப் பார்த்தால் தெரியும். வேர்ட் தானாகப் போடும் வளைந்த மேற்கோள் குறிகளின் நான்கு இடங்களை அப்படியே விட்டுவைத்தார்கள். அப்படியும் ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டது. 'இ' என்ற எழுத்துக்கு 173-ஆம் இடம் கொடுத்திருந்தார்கள். அந்த இடம் மற்ற நிரல்களுக்கு, வரி மடங்கும்போது மட்டும் தெரிய வேண்டிய இணைப்புக் கோடு. ஆகவே சில நிரல்கள் 'இ'யை விழுங்கின. 'இந்தியா' என்பது 'ந்தியா' ஆகும். பிற்பாடு 'இ'க்கு 254-ஆம் இடத்தையும் கொடுத்துச் சரிசெய்தார்கள்.

தமிழ் இணையம் 99-க்குப் பிறகு தமிழ்நாடு அரசு அறிவித்தது வேறு இரண்டு அட்டவணைகளை: தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த டாப், தமிழ் மட்டுமான டாம். அச்சுத் தொழிலுக்கு டாம் வசதி, மெயிலுக்கு டாப் வசதி என்பது எண்ணம். வெளிநாட்டுத் தமிழர் பெரும்பாலும் திஸ்கி, உள்ளூரில் டாப், டாம், இவை எதிலும் சேராத பாமினியும் வானவில்லும் என்று கணக்கு இன்னும் கூடியதே தவிரக் குறையவில்லை. அன்றைக்கு அடித்த தமிழ் மெயில்களின் தலைப்பில் 'இந்த எழுத்துருவை இறக்கிக்கொள்ளுங்கள், இந்த அமைப்பைத் தேர்ந்தெடுங்கள்' என்று ஆங்கிலத்தில் ஒரு பத்தி இருக்கும். தமிழ்க் கடிதம் படிக்க ஆங்கில வழிகாட்டி.

உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் ஒரே அட்டவணை என்ற யூனிகோடு 1991-இலேயே வந்துவிட்டது. அதில் தமிழுக்கு 128 இடம் கொண்ட தனித் தொகுதியும் இருந்தது. ஆனால் அதைக் காட்டத் தெரிந்த கணினி நம்மிடம் இல்லை. 2000-இல் வந்த விண்டோஸ் 2000-இல்தான் லதா எழுத்துருவோடு தமிழ் வந்தது. அடுத்த வருஷம் வந்த எக்ஸ்.பி.யில் தமிழ் இருந்தும், ஒரு பெட்டியில் டிக் அடித்துச் செயல்படுத்த வேண்டும். அதற்குப் பெரும்பாலும் எக்ஸ்.பி. சி.டி. கேட்கும். பிரவுசிங் சென்டரில் அந்த சி.டி.க்கு எங்கே போவது?

ஈ-கலப்பை, அழகி போன்ற தட்டச்சு நிரல்களும், சுரதாவின் பொங்குதமிழ், என்.எச்.எம். மாற்றி போன்ற மாற்றிகளும் வந்த பிறகே சாதாரண ஆட்கள் யூனிகோடு பக்கம் வந்தார்கள். 2004-இல் வந்த ஜிமெயில் யூனிகோடு தமிழைச் சிரமமில்லாமல் அனுப்பியது. 2010 ஜூன் மாதம் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு யூனிகோடையும், அது பொருந்தாத இடங்களுக்கு டேஸ்-16 என்ற முறையையும் அதிகாரபூர்வமாக ஏற்றது. அதோடு சண்டை முடிந்தது. பழைய கோப்புகள் முடியவில்லை.

குப்பையைப் படிப்பது

ஒட்டப்பிடாரம் வட்டாரத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் பழைய கோப்புகளை ஒரு சி.டி.யில் போட்டுக் கொடுத்தார். வேர்ட் கோப்புகள், மெயிலில் வந்ததை நகலெடுத்து வைத்த வெறும் எழுத்துக் கோப்புகள் எல்லாம் கலந்து கிடந்தன. "எல்லாம் நம்ம ஊர்க் கதைதான் தம்பி, என்ன பாஷையில இருக்குன்னுதான் தெரியல" என்றார். அவற்றைப் பிரிக்கும்போது எடுத்த குறிப்புகள் இவை. குப்பையைப் பார்த்தே வகை சொல்லிவிடலாம்.

சாதாரண ஆங்கில எழுத்துகளும் நடுநடுவே ஏகப்பட்ட அரைப்புள்ளிகளும் இருந்தால் அது பாமினி வகை. தமிழில் மெய்யெழுத்து எத்தனை வருமோ அத்தனை அரைப்புள்ளி.

கால், அரை, முக்கால் என்ற பின்னக் குறிகள் அடிக்கடி கண்ணில் பட்டால் அது திஸ்கி. 'ட', 'ண', 'த' மூன்றும் அந்த வரிசையில்தான் அந்த மூன்று இடங்களில் உட்கார்ந்திருக்கின்றன. 'தமிழ்' என்ற சொல்லே முக்காலில்தான் தொடங்கும்.

தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ'வும், வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட பதிவுக் குறியும் திரும்பத் திரும்ப வந்தால் பயப்பட வேண்டாம். அது நல்ல யூனிகோடு தமிழ். திறந்த நிரல்தான் உறையைத் தப்பாகப் படித்திருக்கிறது. யு.டி.எஃப்-8 என்று சொல்லித் திறந்தால் சரியாகிவிடும்.

வெறும் கட்டங்களாகத் தெரிந்தால் பெரும்பாலும் எழுத்துரு மட்டும்தான் இல்லை. உள்ளே எண்கள் பத்திரமாக இருக்கும். ஆனால் வரிசையாகக் கேள்விக்குறிகள் இருந்தால் போச்சு. ஏதோ ஒரு மெயில் நிரல், தனக்குத் தெரியாத எழுத்துக்குப் பதிலாகக் கேள்விக்குறியையே எழுதிச் சேமித்துவிட்டது. அதை மீட்க வழி கிடையாது. வேறு பிரதி எங்காவது இருக்கிறதா என்று தேடவேண்டியதுதான்.

வேர்ட் கோப்பாக இருந்தால் இன்னும் சுலபம். குப்பை எழுத்தின்மேல் கர்சரை வைத்து மேலே எழுத்துருப் பெட்டியைப் பார்த்தால் போதும். அந்த எழுத்துரு நம்மிடம் இல்லாவிட்டாலும் அதன் பெயர் அங்கே இருக்கும். மெயில் தொலைத்த பெயரை வேர்ட் காப்பாற்றி வைத்திருக்கிறது. மேலே அதை இவ்வளவு திட்டினேன். இந்த ஒரு விஷயத்துக்காக மன்னிக்கலாம்.

மாற்றிய பிறகும்

வகை தெரிந்தால் மாற்றியில் போட்டு யூனிகோடு ஆக்கிவிடலாம். ஆனால் மாற்றியதோடு வேலை முடிந்ததென்று நினைக்கக் கூடாது. பழைய எழுத்துருக்கள் எழுத்தைக் கண்ணில் தெரியும் வரிசையில் வைத்தன. 'பொ' என்றால் முதலில் கொம்பு, பிறகு 'ப', பிறகு கால். யூனிகோடில் முதலில் 'ப', பிறகு ஒகரக் குறி. மாற்றி இந்த வரிசையை மாற்ற வேண்டும். பழைய கோப்பில் ஓர் எழுத்து விழுந்திருந்தால் கொம்பு அடுத்த எழுத்தின் தலையில் போய் ஏறும்.

பாமினியில் துணைக்காலும் 'ர்' எழுத்தின் உருவமும் ஒரே விசை. பின்னால் அரைப்புள்ளி இருக்கிறதா என்று பார்த்துத்தான் மாற்றி முடிவு செய்கிறது. ஔகாரக் குறியின் பின்பகுதியும் 'ள'வும் ஒரே உருவம் என்பதால் 'கௌரவம்' பல கோப்புகளில் 'கெளரவம்' ஆகியிருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, தேடும்போது அகப்படாது.

சாதாரணக் கட்டுரை என்றால் படித்துத் திருத்திவிடலாம். கதைப்பாடலில்தான் ஆபத்து. நா. வானமாமலை கட்டபொம்மன் கதைப்பாடலைப் பதிப்பித்த காலத்திலிருந்தே இந்தத் துறையில் எழுத்துக்கூட்டல் முக்கியமான சாட்சி. பாடியவர் 'கட்டபொம்மு' என்றாரா, 'கெட்டிபொம்மு' என்றாரா என்பதிலேயே குடும்பப் பெயரின் தெலுங்கு வேர் பற்றிய பேச்சு அடங்கியிருக்கிறது. இடைசெவல் கி. ராஜநாராயணன், பேச்சில் வருகிறபடியே எழுத்திலும் வர வேண்டும் என்று கரிசல் சொற்களுக்கு அகராதியே போட்டார். அப்படிப்பட்ட வட்டாரத்தில், ஒரு கோப்பில் 'குட்டபொம்மன்' என்று இருந்தால் அது பாடியவர் வாய்மொழியா, வேர்டின் உபகாரமா? 'குரவி' என்று இருந்தால் அது வட்டார வழக்கா, பெரிய எழுத்துக் கோளாறா? பாடியவர் இல்லை, கையெழுத்துப் பிரதி இல்லை, கோப்பு மட்டும்தான் என்றால் யாரைக் கேட்பது?

ஒரே ஒரு வழி இருக்கிறது. மாற்றுவதற்கு முன் மூலக் கோப்பை அப்படியே ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும். விசித்திரமான சொல் வந்தால் மூலத்தில் அது வாக்கியத் தொடக்கத்தில் இருக்கிறதா, முதல் எழுத்து பெரிய எழுத்தா என்று பார்க்க வேண்டும். 'குட்டபொம்மன்' வாக்கியத் தொடக்கத்தில் மட்டும் வந்து, நடுவில் எல்லாம் 'கட்டபொம்மன்' என்று இருந்தால் குற்றவாளி வேர்ட்தான். நடுவிலும் வந்தால் அடித்தவரோ பாடியவரோ. இந்தச் சோதனையை யூனிகோடுக்கு மாற்றிய பிரதியில் நேரடியாகச் செய்ய முடியாது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற தடயமே அங்கே அழிந்துபோயிருக்கும். மாற்றிவிட்டோமே என்று மூலத்தைத் தூக்கிப் போடுகிறவர்கள் தடயத்தையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறார்கள்.

பி.டி.எஃப். ஆக வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதில் எழுத்துரு உள்ளேயே இருப்பதால் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் ஒரு பத்தியை நகலெடுத்து மெயிலில் ஒட்டிப் பாருங்கள். பழைய குப்பைதான் வரும். இணையத்தில் 'பாஞ்சாலங்குறிச்சி' என்று தேடினால் அந்தப் பி.டி.எஃப். அகப்படாது. இருந்தும் இல்லாத கணக்கு.

1801 மே 24-இல் கோட்டை விழுந்தபின் அதைத் தரைமட்டமாக்கினார்கள். இன்றைக்கு அங்கே நிற்பது 1974-இல் அரசு கட்டிய நினைவுக் கோட்டை. அதற்கு இடைப்பட்ட நூற்றெழுபது வருஷமும் கோட்டை நின்றது பாட்டிலும் கதையிலும்தான். அந்தப் பாட்டையும் கதையையும் கடைசியாகக் காதால் கேட்டு எழுதிவைத்த தலைமுறையின் உழைப்பில் ஒரு பகுதி இப்போது ஃப்ளாப்பிகளிலும் சி.டி.க்களிலும் கிடக்கிறது. ஃப்ளாப்பியின் காந்தப் பூச்சு காலப்போக்கில் மங்கும். படிக்கும் கருவியும் கடைகளில் அரிதாகிவிட்டது. எழுத்துரு தெரிந்த டி.டி.பி. சென்டர்காரர்களும் தொழில் மாறிவிட்டார்கள்.

கோவில்பட்டி, எட்டயபுரம், ஒட்டப்பிடாரம், கயத்தாறு பக்கம் இருப்பவர்கள் வீட்டு அலமாரியை ஒருதரம் பார்த்துவிடுங்கள். ஃப்ளாப்பியோ சி.டி.யோ அகப்பட்டால் முதலில் கோப்புகளைத் திறக்காமல் அப்படியே வேறு இடத்துக்கு நகலெடுங்கள். எந்த வருஷம், எந்தக் கடையில், என்ன எழுத்துருவில் அடித்தது, யார் சொல்லக் கேட்டு எழுதியது என்பதை ஒரு காகிதத்தில் எழுதிக் கூடவே வையுங்கள். பழைய மெயில்களை அச்செடுத்து வைத்திருந்தால் அதையும் தூக்கிப் போடாதீர்கள். கோப்பு கேள்விக்குறியாகிப் போன இடத்தில் அந்தக் காகிதம்தான் ஒரே பிரதியாக இருக்கும். வகை தெரியாமல் திணறினால் முதல் இரண்டு வரியை எனக்கு அனுப்புங்கள். அரைப்புள்ளியா, முக்காலா என்று பார்த்துச் சொல்லிவிடலாம்.